ஒவ்வொரு பொட்டலத்திலும் அவள் எழுத்து

செய்ததாக நிரூபிக்கப்படாத ஒரு தவற்றை நான்தான் செய்தேன் என்று எழுதிய தாளில் நீங்களாகவே கையெழுத்துப் போடுவீர்களா? யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, கதவைக்கூடச் சாத்தவில்லை. மேசைமேல் ஒரு தாள், பக்கத்தில் ஒரு பேனா. போடுவீர்களா? "எனக்கென்ன பைத்தியமா" என்றுதான் எவரும் சொல்வார்கள். நான் சொல்லப்போகும் பெண்ணும் அந்தத் தாள் வருவதற்கு ஒரு வருடம் முன்னால் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

ஒரு பெரிய மருத்துவமனையின் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. அறுவை சிகிச்சை முடிந்த கத்தரியும் இடுக்கியும் ரத்தமும் அழுக்குமாக அந்த அறையின் ஒரு கதவு வழியே உள்ளே வரும். அவற்றைக் கழுவித் துடைத்து, எண்ணி, துணியில் பொட்டலமாகக் கட்டி, ஆளுயர நீராவி இயந்திரத்தில் வேகவைத்து, எதிர்க் கதவு வழியே மேலே அனுப்புவார்கள். பொட்டலம் கட்டுவது அவள் வேலை. துணியை மடித்தால் நான்கு மூலையும் மயிரிழை பிசகாது. அதனால் அவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர். பெயர் வைத்தவள் தொட்டியடியில் நின்று கருவிகளைக் கழுவுகிறவள். அவளை எல்லோரும் 'வானொலி' என்பார்கள். காலை ஏழு மணிக்கு வாயைத் திறந்தால் நாலரைக்கு வேலை முடியும்போதுதான் நிலையம் மூடும்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒட்டும் டேப்பில் தேதியையும், கட்டியவர் பெயரின் முதலெழுத்தையும் எழுத வேண்டும். மேலே ஒரு கத்தரி குறைந்தால் உடனே ஃபோன் வரும். முதல் கேள்வியே "யார் எழுத்து?" என்பதுதான். நல்ல வழக்கம்தான். பத்தொன்பது வருடத்தில் அளவுகோலின் எழுத்தோடு திரும்பி வந்த பொட்டலங்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டின் தேதியையும் அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். சரியாகப் போன லட்சம் பொட்டலங்களில் ஒன்றின் தேதியும் அவளுக்குத் தெரியாது. அதற்கு யாரும் ஃபோன் செய்வதில்லையே.

அந்தத் தாள் வருவதற்கு எட்டு மாதம் முன் அவளுடைய தம்பி இறந்தான். காலை பதினொன்றரைக்கு நெஞ்சு வலிக்கிறது என்று அக்காவைத்தான் கூப்பிட்டான். அந்த அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. வெளியே லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வேலை முடிந்து லாக்கரைத் திறந்தபோது தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. அதற்குள் தம்பி போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சாவு வீட்டில் பெரியம்மா ஒருத்தி, "உனக்குத்தானேடி ஃபோன் போட்டான்" என்று ஊரே கேட்கச் சொல்லி அழுதாள்.

அடுத்து, குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ஒரே மாதத்தில் காலி செய்ய வேண்டியிருந்தது. அந்தக் களேபரத்தில் மகள் கணக்குப் பரீட்சையில் தவறினாள். பட்ட காலிலே படும் என்று பெரியவர்கள் ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். படும்போது அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் என்ன நினைக்கிறார் என்று பழமொழி கேட்பதில்லை.

அளவுகோல் நினைத்தது இதுதான். தம்பி செத்தான்: யார் எழுத்து? ஃபோனை எடுக்காதவள் எழுத்து. வீடு போயிற்று: யார் எழுத்து? வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசத் தெரியாதவள் எழுத்து. மகள் தவறினாள்: சுருண்டு படுத்திருந்த தாயின் எழுத்து. அதே மகள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது மட்டும் அவள் பொட்டலத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. "அவங்கப்பா காலு அவளுக்கு" என்று சொல்லி முடித்துக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் நேர்மாறு. கூடமே கோணிக்கொண்டு நின்றபோதும் என் கால்தான் கோணல் என்றாள்.

விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். சாப்பாடு அட்டையை மெல்வது போலிருக்கும். கட்டிய பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கட்டுவாள். வேன் ஓட்டும் கணவர், "எல்லாம் மனசுதான். தைரியமா இரு" என்றார். நல்ல மனிதர். கால் முறிந்தவளைப் பார்த்து, எல்லாம் எலும்புதான், நிமிர்ந்து நட என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த நிலையில்தான், ஒரே நாளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு நோயாளிகளுக்குப் புண் சீழ் பிடித்தது. இருவருக்கும் போன பொட்டலங்களின் டேப்பைத் தேடி எடுத்தார்கள். இரண்டிலும் அவள் எழுத்து.

மறுவாரம் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டார். கடிதம் தயாராக இருந்தது. "ஈரமான பொட்டலங்களை என் கவனக்குறைவால் சோதிக்காமல் அனுப்பினேன். இதற்கு நான் மட்டுமே பொறுப்பு."

"நாளைக்கு விசாரணைக் குழு வருதும்மா. நீங்களே முந்திக்கிட்டு ஒத்துக்கிட்டா, நான் மேல பேசி பெருசாகாம பாத்துக்கறேன். பத்தொன்பது வருஷ சர்வீஸ், அப்படியே விட்டுடுவோமா?"

அவளுக்குப் பயம் வரவில்லை. எட்டு மாதமாகத் தனக்குள் ஓடிக்கொண்டிருந்த தீர்ப்பை முதன்முறையாக ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார். அப்பாடா என்றுதான் இருந்தது.

"இப்பவே போட்டுடறேன் சார்."

"ரெண்டு காப்பி வேணும். பிரிண்டர் மக்கர் பண்ணுது. இதை எடுத்துட்டுப் போய் நிதானமாப் படிங்க. நாலு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க."

அந்தப் பிரிண்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். அது ஒழுங்காக வேலை செய்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கீழே வந்தவள் லாக்கரைக் காலி செய்தாள். சீப்பு, பழைய ஸ்வெட்டர், மகளின் சின்ன வயசுப் படம் ஒன்று. பிறகு தொட்டியடிக்குப் போய், டேப் வெட்டுகிற தன் கத்தரியை வானொலியிடம் நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"வெச்சுக்கோ. எனக்கு இனிமே எதுக்கு."

"இதை ஒரு நாள் தொட்டுட்டேன்னு ரெண்டு நாள் என்கிட்டப் பேசாம இருந்தியே."

"அது அப்போ."

வானொலி குழாயை மூடினாள். பேச்சும் நின்றது. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, அவளிடமிருந்த கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போடப் போறியா?"

"என் எழுத்துதானே இருக்கு, ரெண்டுலயும்."

"இந்தத் தொட்டியில பதினோரு வருஷமா நிக்கிறேன். நாளைக்குத் தொட்டி ஒழுகினா நான்தான் ஓட்டை போட்டேன்னு அர்த்தமா?"

"உனக்குப் புரியாதுடி. நான் கை வெச்சாலே அப்படி ஆகுது. தம்பி, வீடு, பொண்ணு. இப்போ முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேரு. நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது."

இயந்திரத்துக்குள் ஆவி இரைந்துகொண்டிருந்தது. வானொலி அவள் முகத்தையே பார்த்தாள்.

"இல்லாம இருந்தான்னா? வேலையில இல்லாமயா, உசுரோட இல்லாமயா?"

அளவுகோல் மேசைமேல் கிடந்த துணியின் மூலையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"சில நாள் அப்படித் தோணுது."

"இன்னைக்கு?"

"காலையிலேருந்து."

ஐயையோ, அப்படியெல்லாம் பேசாதே என்று வானொலி வாயைப் பொத்தவில்லை. புருஷனை நினைத்துப் பார், பிள்ளையை நினைத்துப் பார் என்று குற்றப் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்க்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சொன்னியே, நல்லது. இனிமே நான் உன்னை விட்டு நகரப் போறதில்ல. பாத்ரூமுக்குப் போனாலும் வாசல்ல நிப்பேன். வேணும்னா பாட்டுகூடப் பாடறேன்."

"பாடாத."

"அவ்வளவு பயமா? சரி. நாலு மணிக்கு அந்தக் கடுதாசி வேலை. அது முடிஞ்சதும் ரெண்டு பேருமா மேல ஒரு டாக்டரைப் பாக்கறோம். கையெழுத்து உன் இஷ்டம். ஆனா நம்ம ரூம் வழக்கப்படிதான் போடணும்."

"என்ன வழக்கம்?"

"பொட்டலம் மேல ஒட்டுற டேப் கறுத்துட்டா, வெந்துடுச்சுன்னு மேல அனுப்பிடுவியா?"

அளவுகோல் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருடம் தானாகப் பதில் சொன்னது. "சூடு பட்டுச்சுன்னுதான் டேப் சொல்லும். ஆவி உள்ள போச்சான்னு அதுக்குத் தெரியாது. சோதனைப் பொட்டலத்தைப் பிரிச்சு, உள்ள வெச்ச பட்டை முழுசாக் கறுத்திருக்கான்னு பாக்கணும்."

"அப்போ இதையும் பிரிச்சுப் பாரு. உன் எழுத்து வெறும் டேப்பு. உள்ள என்ன இருக்கு?"

இயந்திரத்தின் பின்னால் ஓர் ஆணியில் பழுதுப் பதிவேடு தொங்கும். இயந்திரம் மக்கர் செய்தால் அதில் எழுத வேண்டும். நிர்வாக அதிகாரி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வானொலி அதை எடுத்து வந்து பக்கங்களைத் திருப்பினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது யாரு எழுதினது?"

ஆறு வாரத்துக்கு முந்தைய தேதி. 'கதவு ரப்பர் தேய்ந்து காற்று கசிகிறது. மாற்றவும்.' இரண்டு பக்கம் தள்ளி, மூன்று வாரத்துக்கு முன்: 'பொட்டலங்கள் ஈரமாக வருகின்றன. மறுபடி வேகவைக்க வேண்டியிருக்கிறது.' பிறகு, அந்த இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கும் இரண்டு நாள் முன்னால்: 'சோதனைப் பட்டை பாதிதான் கறுக்கிறது. இயந்திரத்தை நிறுத்த அனுமதி வேண்டும்.' அதன் கீழே பச்சை மையில் அதிகாரியின் பதில்: 'பார்த்தேன். புது ரப்பர் வரும்வரை ஓட்டவும்.'

மூன்றும் ஒரே கையெழுத்து. எழுத்துகள் அடிக்கோடு போட்டதுபோல் நேராக நின்றன.

"நானா எழுதினேன்?" என்றாள் அளவுகோல்.

அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லை. இது நடிப்பா, மறதியா? இரண்டும் கிடையாது. மனச்சோர்வு ஒரு மோசமான குமாஸ்தா. உனக்கு எதிரான தாளை எல்லாம் கோப்பில் கட்டி வைக்கும். உன் பக்கத்துத் தாளைக் குப்பையில் போடும். பிறகு அந்தக் கோப்பைக் காட்டி, பார், எல்லாச் சாட்சியும் உனக்கு எதிராகத்தான் இருக்கிறது என்று சொல்லும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்பவர்கள் அவனை அரள வைத்தது எது என்று கேட்கட்டும். அடிமேல் அடி விழுந்தது. அடி விழ விழ மனம் 'நான்தான்' என்று படிக்கப் பழகிற்று. அப்படிப் படிக்கப் படிக்க அடுத்த அடி இரண்டு மடங்காய் வலித்தது. இதில் விதி எங்கே வந்தது, கிரகம் எங்கே வந்தது? ஆனால் அந்தப் பச்சை மை வந்தது. தன்மேலேயே பழி போட்டுக்கொள்ளும் ஒரு மனம் கிடைத்தால், பழியை இறக்கி வைக்க இடம் தேடுகிறவனுக்கு அதைவிட வசதி வேறென்ன?

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அலுவலகக் குமாஸ்தா கதவருகே வந்து நின்றார்.

"மெஷின் ரிஜிஸ்டரை சார் எடுத்துட்டு வரச் சொன்னார்."

"அதைக் கழுவப் போட்டிருக்கேன். காய்ஞ்சதும் தரேன்" என்றாள் வானொலி.

"விளையாடாதீங்க. அந்தம்மா கையிலதானே இருக்கு. குடுங்கம்மா."

கேட்டதும் கொடுத்தே பழகிய கை. அது பதிவேட்டோடு முன்னால் நீண்டுவிட்டது. வானொலி அதைப் பிடுங்கியிருக்கலாம், பிடுங்கவில்லை. நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

"சார் எதுக்குக் கேக்கறார்?" என்றாள் அளவுகோல்.

"எனக்கென்னம்மா தெரியும்? எடுத்துட்டு வான்னார், வந்தேன்."

"நாலு மணிக்கு நானே கொண்டு வரேன்னு சொல்லுங்க."

பல மாதங்களுக்குப் பிறகு, 'மன்னிச்சிடுங்க' என்று முடியாத ஒரு வாக்கியம் அவளிடமிருந்து வந்திருந்தது. குமாஸ்தா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படியேறினார். வானொலி அவளையும் இழுத்துக்கொண்டு லாக்கருக்குப் போய், ஃபோனை எடுத்து அந்த மூன்று பக்கங்களையும் படம் பிடித்தாள்.

அத்துடன் அளவுகோல் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த நோயைத் தெரியாது. மணி மூன்றேகாலுக்கு அவள் மறுபடி பேனாவை எடுத்தாள்.

"இருந்தாலும் அந்த ரெண்டையும் நான் தொட்டுப் பாத்திருக்கணும். ஈரமா இருந்திருக்கும்."

"தொட்டுப் பாத்தியா, இல்லியா?"

"ஞாபகமில்ல."

"அப்போ ஞாபகமில்லன்னு எழுது. 'பாக்கல'ன்னு எதுக்கு எழுதற? தெரியாததைத் தெரியும்னு எழுதறதும் பொய்தானேக்கா. நீ பொய் எழுதுவியா?"

அந்தக் கேள்வி வேலை செய்தது. ஆறுதல் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். நீ நல்லவள் என்றால் இல்லை என்று சாதித்திருப்பாள். அளவு பிசகுவதை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. அவள் கை தவறியே இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்பது ஓர் அளவு, 'நான் மட்டுமே' என்பது வேறோர் அளவு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதினாள். ஒன்பது வரிதான் வந்தது.

நாலு மணிக்கு இரண்டு பேரும் படியேறினார்கள். அதிகாரியின் மேசைமேல் கையெழுத்தில்லாத கடிதத்தையும், அதன்மேல் ஒன்பது வரித் தாளையும் வைத்தாள் அளவுகோல். பதிவேட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அதைப் படித்துவிட்டு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எங்க ரூம் வழக்கம் சார்."

"இதோட விளைவு என்னன்னு தெரியுமா?"

"எனக்கு என்ன ஆகும்னு தெரியாது சார்." அவள் ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் கையெழுத்துப் போட்டா அந்த மெஷின் நாளைக்கும் ஓடும். காலையில மேல ஏழு ஆபரேஷன் இருக்கு. அதுக்கு என்ன ஆகும்னு தெரியும்."

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையில் இருந்த பச்சைப் பேனாவைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க" என்றார், கதவருகே நின்ற குமாஸ்தாவிடம்.

ஏழு அறுவை சிகிச்சைகளும் தள்ளிப்போயின. ஆறு வாரமாக வராத ரப்பர் இரண்டே நாளில் வந்தது. சீழ் பிடித்த இருவரில் ஒருவர் சீக்கிரம் தேறினார். இன்னொருவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அதிகாரிக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது. அவளுக்கும் வந்தது: பதிவேட்டைக் கேட்டவுடன் ஒப்படைக்காத குற்றத்துக்காக. நியாயம் அவ்வளவு தூரம்தான் நடந்து வந்தது.

வானொலி சொன்ன சொல் தவறவில்லை. அன்று நாலேகாலுக்கே அவளை மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனாள். அது மனநலப் பிரிவு. மருத்துவமனையின் எல்லா வார்டுக்கும் கீழேயிருந்து பொட்டலம் போகும்; அந்த வார்டுக்கு மட்டும் ஒன்றுகூடப் போவதில்லை. அதனாலேயே அங்கும் வைத்தியம்தான் நடக்கிறது என்று பத்தொன்பது வருடமாக அவளுக்குத் தோன்றியதில்லை. கணவருக்கு ஃபோன் போயிற்று. வேனை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடி வந்தவர், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்று தொடங்கி, வானொலி முறைத்த முறைப்பில் வாயை மூடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அங்கிருந்த பெண் டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பேசினார். ஒரு நோட்டைக் கொடுத்து, நடந்தது என்ன, மனசு என்ன தீர்ப்புச் சொன்னது, அதற்கு ஆதாரம் என்ன என்று தனித்தனியாக எழுதச் சொன்னார். "நினைப்பை மாத்திக்கிட்டா சரியாயிடுமா டாக்டர்? அப்போ இத்தனை நாள் தப்பா நினைச்சதும் என் தப்புதானே?" என்று அளவுகோல் கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா, அதுலயும் உங்க எழுத்தைப் போட்டாச்சு. தம்பி செத்தது நிஜம், வீடு போனது நிஜம், வந்தது நோய். நோய் வந்ததுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்."

நல்லதையே நினை, எல்லாம் சரியாகும் என்று ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த உபதேசமும் அதிகாரி நீட்டிய கடிதமும் ஒரே வகைத் தாள்தான்: சரியாகாவிட்டால் அதுவும் உன் எழுத்துதான் என்கிறது.

அவள் இன்றைக்கும் அதே அறையில் பொட்டலம் கட்டுகிறாள். தம்பியின் அந்த ஓர் அழைப்பு சில நாள் திரும்ப வரும். வந்தால் நோட்டை எடுத்து எழுதுவாள்: ஃபோனை லாக்கரில் வைக்கச் சொன்னது விதிமுறை, எடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்பது தெரியாது. எழுதி முடித்ததும் அழுகை வரும், அழுவாள். அது துக்கம், அதற்கு மருந்து வேண்டியதில்லை. கத்தரியைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டாள். வானொலி அதை இப்போதும் தொடக் கூடாது.

உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ, எதற்கெடுத்தாலும் "என்னாலதான்" என்று சொல்கிற ஒருவர் இருப்பார். சாப்பாடு குறைந்திருக்கும். ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்திருப்பார். அவரைத் தேற்றக் கிளம்பாதீர்கள். எதிரே உட்கார்ந்து, "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள், பதிலை முழுக்கக் கேளுங்கள். "இல்லாமல் போய்விடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். கூடவே நடந்து டாக்டரிடம் போங்கள். இந்தப் பக்கத்தை மூடியதும் அந்த ஒருவரிடம் போய் உட்காருங்கள்.